கூட்டுச் சேருவதும் பங்கு பிரிப்பதும்

(காரியாபட்டியில் செய்த சொற்பொழிவு)



ஒற்றுமை வேண்டும், ஒற்றுமை வேண்டும் என்று மேடைதோறும் சொல்லக் கேட்டிருக்கின்றீர்கள். சொல்லுகிறவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றார்கள். கேட்டவர்களும் கைதட்டிவிட்டுப் போய்விடுகின்றார்கள். மறுநாள் நான்கு பேர் சேர்ந்து ஒரு காரியத்தை ஆரம்பித்தால் மூன்றாம் மாதம் தகராறு வந்துவிடுகின்றது. ஏன் வருகின்றது? மனிதர்கள் கெட்டவர்கள் என்பதாலா? இல்லை. கூட்டுச் சேருவது எப்படி என்று சொன்னவர்கள், கிடைத்ததைப் பங்கு பிரிப்பது எப்படி என்று சொல்லாததாலேயே வருகின்றது. ஆகவே இன்று நாம் ஒற்றுமையைப் பற்றிப் பேசப் போவதில்லை. பங்கைப் பற்றியே பேசப் போகின்றோம்.

உங்களில் அநேகர் ஆடுபுலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து. தனியாக நிற்கும் ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும். ஆடுகள் ஒன்றுக்கொன்று பக்கத்துணையாக நகர்ந்தால் புலி நகர வழியின்றி அடைபட்டுப் போகும். இதைக் காட்டி ஒற்றுமையே பலம் என்று சொல்லுவது சுலபம். ஆனால் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். அந்தப் பதினைந்து ஆடுகளையும் நகர்த்துவது ஒரே கை. எந்த ஆடு வெட்டுப்பட்டாலும் ஆடுகிறவனுக்குப் பசிப்பதில்லை. வாழ்க்கையிலோ ஒவ்வொரு ஆட்டுக்கும் தனித்தனி வயிறு இருக்கின்றது. “நான் முன்னால் நின்று வெட்டுப்பட, புலி அடைபட்ட பிறகு புல்லெல்லாம் உனக்கா?” என்று முன்னாடு கேட்டால் அதற்கு நியாயமான பதில் வேண்டும். அந்தப் பதில் இல்லாத கூட்டு நிலைக்காது.

இந்தப் பதிலைத் தேடுவதற்கென்றே ஒரு கணித சாஸ்திரம் உண்டாகியிருக்கின்றது. அதற்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற வான் நியூமன் என்ற கணித அறிஞரும், மார்கென்ஸ்டர்ன் என்ற பொருளாதார அறிஞரும் 1944இல் இதைப் பெரிய புத்தகமாக எழுதினார்கள். மனிதர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டுச் சேரும் ஆட்டங்களைப் பற்றியதற்குக் கூட்டு ஆட்டம் என்று பெயர். அதில் பங்கு பிரிக்கும் கணக்கை 1953இல் லாயிட் ஷாப்லி என்பவர் கண்டுபிடித்தார். அவருக்கு 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். கணக்கு காரியாபட்டிக் கிணற்றடிக்கும் பொருந்துகின்றதா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

நம் சுற்றுப்புறம் மழையையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பிய பூமி. ஒருவரிடம் கிணறும் மோட்டாரும் இருக்கின்றன. பயிர் வைக்க நிலமில்லை. பக்கத்தில் இரண்டு பேரிடம் நிலம் இருக்கின்றது; தண்ணீர் இல்லை. கிணற்றுத் தண்ணீர் ஒரு நிலத்துக்குத்தான் போதும். செலவெல்லாம் போகப் பயிரில் 12,000 ரூபாய் மிஞ்சும் என்று வைத்துக் கொள்ளுவோம். கிணற்றுக்காரர் தனியாக இருந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. நிலக்காரர்கள் இருவரும் கிணறின்றிச் சேர்ந்தாலும் ஒன்றுமில்லை. கிணறும் ஏதாவது ஒரு நிலமும் சேர்ந்தால் 12,000. மூவரும் சேர்ந்தாலும் அதே 12,000தான்.

இப்பொழுது பேரம் எப்படி நடக்கும்? முதல் நிலக்காரர் “எனக்கு 6,000 போதும், மீதி உங்களுக்கு” என்பார். இரண்டாமவர் “எனக்கு 4,000 போதும்” என்று குறுக்கே வருவார். முதல்வர் 2,000க்கு இறங்குவார். மற்றவர் 500க்கு இறங்குவார். கடைசியில் இருவருக்கும் ஒன்றுமில்லாமல் 12,000மும் கிணற்றுக்குப் போய்ச் சேரும். இதில் கிணற்றுக்காரர் பொல்லாதவராக இருக்க வேண்டுமென்பதே இல்லை. அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இருவரும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு அவர் மடியில் கொண்டுவந்து கொட்டிவிடுவார்கள். யாரும் பிரிந்துபோய் இதைவிட லாபம் அடைய முடியாத பங்கீடு எதுவோ அதையே கணக்கர்கள் கூட்டின் மையம் என்கின்றார்கள். இந்த ஆட்டத்தில் மையம் இந்த ஒரே பங்கீடுதான்: ஒருவருக்கு எல்லாம், இருவருக்குப் பூஜ்யம்.

இதை நியாயம் என்று சொல்ல முடியுமா? ஷாப்லி வேறு விதமாகக் கேட்டார். மூவரும் ஓர் அறைக்குள் ஒருவர்பின் ஒருவராக வருவதாக வைத்துக் கொள்ளுங்கள். வருகிறவர் வந்ததால் எவ்வளவு கூடுகின்றதோ அதை அவர் பேரில் எழுதுங்கள். ஆனால் யார் முந்தி, யார் பிந்தி என்பதில் வித்தியாசம் வந்துவிடும் அல்லவா? ஆகையால் வரக்கூடிய எல்லா வரிசைகளையும் எடுத்துக்கொண்டு சராசரி பாருங்கள் என்றார். மூன்று பேர் ஆறு வரிசைகளில் வரலாம். கிணற்றுக்காரர் முதலில் வரும் இரண்டு வரிசைகளில் அவரால் ஒன்றும் கூடுவதில்லை. மற்ற நான்கிலும் 12,000 கூடுகின்றது. ஆகவே அவர் பங்கு ஆறில் நான்கு, அதாவது 8,000. நிலக்காரர் ஒருவரால் எப்பொழுது கூடுகின்றது? கிணற்றுக்காரர் முதலிலும் தாம் இரண்டாவதாகவும் வரும் ஒரே ஒரு வரிசையில்தான். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒன்று, 2,000.

இன்னும் ஒரு படி போவோம். நிலக்காரர் இருவரும் “நாம் தனித்தனியாகப் பேரம் பேசுவதில்லை, பேசினால் ஒரே வாயாகப் பேசுவோம், ஒரு நிலத்தில் பயிர் வைத்து இருவரும் பாடுபட்டுச் சமமாகப் பிரிப்போம்” என்று கட்டுப்பாடு செய்துகொண்டால் ஆட்டமே மாறிவிடுகின்றது. இப்பொழுது ஆட்டக்காரர் இரண்டே பேர். ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் நிலச் சங்கம். ஒருவரின்றி மற்றவருக்கு ஒன்றுமில்லை. கணக்குப்படி ஆளுக்குப் பாதி. கிணற்றுக்கு 6,000, நிலத்துக்கு 6,000, அதில் தலைக்கு 3,000. தண்ணீர் ஒரு சொட்டாவது கூடியதா? மண் ஒரு சாணாவது கூடியதா? ஒன்றும் கூடவில்லை. பூஜ்யமாக இருந்தவர்கள் 3,000 பெற்றார்கள். சங்கம் என்பதன் ரகசியம் இவ்வளவுதான், தோழர்களே!

ஆனால் இங்கேயே ஆபத்தும் இருக்கின்றது. கிணற்றுக்காரர் ஒருவரை மறைவாகக் கூப்பிட்டு, “சங்கத்தை விட்டு வா, உனக்கு 4,000 தருகின்றேன்” என்பார். 3,000க்கு 4,000 பெரிதுதானே? அவர் போய்விடுவார். கிணற்றுக்காரருக்கும் 6,000க்குப் பதில் 8,000 மிஞ்சும். சரி, அடுத்த வருஷம்? சங்கம் செத்துப்போனபின் 4,000 கொடுக்க யாருக்கு என்ன அவசியம்? மறுபடியும் பழைய பூஜ்யந்தான். ஆகவே கூட்டை விட்டு ஓடுகிறவன் மற்றவனுக்குத் துரோகம் செய்கின்றான் என்பதைவிடத் தன் அடுத்த வருஷத்துக்கே துரோகம் செய்கின்றான் என்பதுதான் சரியான கணக்கு.

இது வெறும் கற்பனைக் கிணறு அல்ல. குஜராத்தில் கேரா ஜில்லாவில் பால்காரர்கள் ஏராளம். பாலை வாங்கும் வியாபாரிகள் சொற்பம். கிணறும் நிலமும் போலத்தான். 1946இல் அவர்கள் பதினைந்து நாள் பால் ஊற்றுவதில்லை என்று நின்றார்கள். திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் அவ்வருஷமே கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. அதுதான் பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்றது. பதினைந்து நாள் வீம்பு மட்டும் அதை நிலைநிறுத்தவில்லை. பால் எவ்வளவு, அதில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து, அளந்ததற்கு விலை கொடுத்தார்கள். பங்குக்கு அளவுகோல் இருந்ததால் கூட்டு நிலைத்தது.

இனி லாபத்தை விட்டுச் செலவுக்கு வருவோம். பந்தல்குடி, அருப்புக்கோட்டை, காரியாபட்டி மூன்றும் மதுரைக்குப் போகும் ஒரே சாலையில் இருக்கின்றன. மூன்று ஊரிலும் ஆளுக்கொரு பூ விவசாயி. மூவரும் ஒரே வண்டியில் மதுரைக்குப் பூ அனுப்புகின்றார்கள். தனியாக வண்டி பிடித்தால் காரியாபட்டியிலிருந்து 600, அருப்புக்கோட்டையிலிருந்து 1,000, பந்தல்குடியிலிருந்து 1,200 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுவோம். சேர்ந்தால் மொத்தம் 1,200தான். இதைச் சமமாக 400 வீதம் போடலாமா? காரியாபட்டிக்காரர், “என்னால் வண்டி ஒரு அடியாவது கூடுதலாக ஓடிற்றா?” என்று கேட்பார். கேட்பது நியாயந்தான். ஆகவே சாலையைத் துண்டு துண்டாகப் பாருங்கள். காரியாபட்டி முதல் மதுரை வரையிலுள்ள துண்டு மூவருக்கும் பொது. 600ஐ மூன்றாக்கினால் தலைக்கு 200. அருப்புக்கோட்டை முதல் காரியாபட்டி வரை இருவருக்குப் பொது. 400ஐ இரண்டாக்கினால் தலைக்கு 200. கடைசித் துண்டு 200 பந்தல்குடிக்காரருக்கே. ஆகக் காரியாபட்டிக்கு 200, அருப்புக்கோட்டைக்கு 400, பந்தல்குடிக்கு 600. தனியாகப் போனதைவிட எல்லோருக்கும் லாபம். ஷாப்லியின் ஆறு வரிசைக் கணக்கைப் போட்டாலும் இதே விடைதான் வரும். ஆகாய விமான நிலையங்களில் சிறிய விமானத்துக்கு எவ்வளவு, பெரிய விமானத்துக்கு எவ்வளவு என்று ஓடுபாதைச் செலவைப் பிரிக்க லிட்டில்சைல்டு, ஓவன் என்ற இருவர் 1973இல் எழுதியதும் இந்தக் கணக்கைத்தான். நம்மூர்க் கண்மாய் வாய்க்காலைத் தூர்வாரும் செலவையும் மடையிலிருந்து கடைவயல் வரை இப்படியே துண்டு துண்டாகப் பிரிக்கலாம்.

நிற்க, ஓட்டு விஷயத்திலும் இந்தக் கணக்கு கண்ணைத் திறக்கும். 15 பேர் கொண்ட ஒரு சபையில் இரண்டு கட்சிக்கு ஏழேழு பேர், மூன்றாவதாக ஒரே ஒருவர். எட்டு ஓட்டு வேண்டும். எந்த இரண்டு தரப்பு சேர்ந்தாலும் ஜெயம். ஆகவே ஏழு பேருக்கு உள்ள பலந்தான் அந்த ஒருவருக்கும். 1952இல் சென்னைச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரசுக்கு 375இல் 152தான் கிடைத்தது. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது 62 ஸ்தானம் பெற்ற கம்யூனிஸ்டுகள் வெளியே இருந்தார்கள். 6 ஸ்தானம் பெற்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். பலம் தலையெண்ணிக்கையில் மட்டுமில்லை. “நீ இல்லாமல் முடியாது” என்ற நிலையில் இருக்கின்றது. ஏழை எளியவர்கள் எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும் பங்கில் குறைவாக இருப்பது ஏன் என்பது இதனால் விளங்கும். அவர்களில் ஒவ்வொருவரும் இல்லாவிட்டாலும் முடியும் என்ற நிலையில் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றார்கள்.

நமது ஜில்லாவிலேயே கூட்டுக்குப் பெரிய உதாரணம் இருக்கின்றது. விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வியாபாரிகள் உறவின்முறை என்று கூடி, வாங்கும் விற்கும் சரக்கின் பேரில் மகமை என்று சிறு தொகை எடுத்து வைத்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்த அந்தச் சொற்பக் காசு பேட்டையாயிற்று, கிணறாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. 1885இல் அருப்புக்கோட்டையில் க்ஷத்திரிய வித்தியாசாலை ஏற்பட்டது மகமைப் பணத்தில்தான். விருதுநகரில் அதே பெயருள்ள பள்ளிக்கூடத்தில்தான் காமராசர் படித்தார். இவர்கள் எந்தக் காலத்தில் இப்படிச் சேர்ந்தார்கள்? 1897இல் கமுதிக் கோவிலுக்குள் நுழைந்ததற்காக இவர்கள்மேல் வழக்குப் போடப்பட்டு, அது 1908இல் சீமை பிரிவி கவுன்சில்வரை போய், இவர்களுக்கு விரோதமாகவே முடிந்த காலம். 1899இல் சிவகாசி தாக்கப்பட்ட காலம். “தலைவிதி” என்று உட்காராமல் மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். அதனால் எழுந்தார்கள்.

மகமையின் சூட்சுமம் என்னவென்றால், அதிகச் சரக்கு விற்றவர் அதிகம் கொடுத்தார். குறைவாக விற்றவர் குறைவாகக் கொடுத்தார். பேட்டையை அதிகம் உபயோகித்தவரே அதிகம் கொடுத்தவர். ஷாப்லி பிறப்பதற்கு முன்னமே வண்டிக் கணக்கை இவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். ஆனால் ஒரு கேள்வியையும் கேட்காமல் விட முடியாது. ஒரே ஜாதிக்குள் சேர்ந்ததால் உள்ளே நம்பிக்கை இருந்தது, உண்மைதான். அதே வேலி மூட்டை தூக்கினவனை வெளியே நிறுத்தியதல்லவா? வேலிக்குள்ளேயும் ஆண்களைத் தலைக்கட்டாக எண்ணினார்களே தவிர, பெண்களை எண்ணினார்களா? ஜாதியால் சேர்ந்த கூட்டு மற்றொரு ஜாதிக் கூட்டை எதிரே உண்டாக்கும். தொழிலால், தேவையால் சேர்ந்த கூட்டுக்கு அந்த வியாதி இல்லை.

இப்பொழுது மிகவும் முக்கியமான இடத்துக்கு வருகின்றோம். ஷாப்லியின் பங்கீடு சில நிபந்தனைகளின்மேல் நிற்கின்றது. கிடைத்தது முழுவதையும் பிரித்துவிட வேண்டும், மறைத்து வைக்கக்கூடாது என்பது ஒன்று. சேர்ந்ததால் எந்தக் கூட்டிலும் ஒன்றும் கூடாதவருக்குப் பங்கில்லை என்பது மற்றொன்று. ஒரே அளவு கூட்டுகிற இருவருக்கு ஒரே பங்கு, ஆளின் பெயரை மாற்றினால் பங்கு மாறக்கூடாது என்பது இன்னொன்று. இந்தக் கடைசி நிபந்தனையை மட்டும் நம் ஊர்களில் நடத்திப் பாருங்கள், தோழர்களே! ஒரே வரப்பில் ஒரே நாற்றைச் சுமக்கும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்றால் அது எந்தக் கணக்கில் சேர்ந்தது? சமவேலைக்குச் சமகூலி என்று 1976இல் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் வந்தது போதாது, கணக்கும் வர வேண்டும்.

கண்மாயை எடுத்துக் கொள்ளுங்கள். இரவில் கரையில் கண்விழித்து, மடை திறந்து, கடைவயல் வரை தண்ணீர் கொண்டுபோகும் நீர்பாய்ச்சி இல்லாவிட்டால் ஆயக்கட்டில் விளைவதென்ன? அவர் வராத வரிசையில் எல்லோர் பங்கும் குறையும். ஆனால் அறுப்புக் களத்தில் முதல் மரியாதை யாருக்கு? களத்து மூலையில் நின்று கதிர் வாங்குகிறவர் யார்? 1858இல் சென்னை ராஜதானியில் கண்மாய், வாய்க்கால் வேலைக்கு ஆட்களைக் கட்டாயமாகக் கூப்பிடச் சட்டம் செய்தார்கள். வேலைக்குக் கட்டாயம் உண்டு. பங்குக்குக் கட்டாயம் உண்டா?

பட்டாசையும் பாருங்கள். மருந்து கலக்குகிறவர், குழாயில் நிரப்புகிறவர், திரி வைக்கிறவர், பெட்டியில் அடைக்கிறவர் — இதில் எந்த வேலை நின்றாலும் தீபாவளிக்கு வெடி இல்லை. வேலையைப் பார்த்தால் எல்லாம் இன்றியமையாதது. ஆளைப் பார்த்தால், வாசலில் வேறு நாலு பேர் நிற்கின்றார்கள். ஆகவே கிணற்றடிக் கதைதான் இங்கும்: இன்றியமையாத வேலையைச் செய்கிறவர்கள் தனித்தனியாக நிற்பதால் மலிந்துபோகின்றார்கள். 2012 செப்டம்பர் 5ந் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். லாபத்தைப் பிரிக்கும்போது கடைசியில் நிற்கிறவர் ஆபத்தைப் பிரிக்கும்போது முதலில் நிற்கின்றார். ஆபத்தும் ஒரு செலவுதான். அந்தச் செலவு யார் பேரில் எழுதப்படுகின்றது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கின்றது.

இந்தக் கணக்கே சகலரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. எந்த மனிதர் வாக்கையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது ஷாப்லிக்கும் பொருந்தும். இதில் இரண்டு குறை உண்டு. முதலாவது, ஒன்றும் கூட்ட முடியாதவருக்குப் பங்கில்லை என்றால், குழந்தையும் கிழவரும் நோயாளியும் என்ன செய்வது? வியாபாரக் கூட்டில் பங்கு பிரிக்க இந்தக் கணக்கு. மனிதரைக் காப்பாற்ற அல்ல. 1956இல் காமராசர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டபோது, எந்தப் பிள்ளை என்ன சம்பாதித்தது என்று கேட்டா போட்டார்? இரண்டாவது, தனியாக நின்றால் யாருக்கு எவ்வளவு என்பதிலிருந்துதான் கணக்கு ஆரம்பமாகின்றது. தனியாக நின்றால் ஒருவருக்குப் பூஜ்யம் என்று எழுதுகின்றோம். ஏன் பூஜ்யம்? நிலம் கொடுக்காமல், எழுத்துக் கொடுக்காமல், பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தால் பூஜ்யமாகத்தான் இருக்கும். அந்தப் பூஜ்யம் இயற்கையல்ல, மனிதர் எழுதியது. மனிதர் எழுதியதை மனிதரே அழிக்கலாம். கணக்குச் சரி, ஆனால் கணக்கில் போட்ட எண் சரியா என்று கேட்பதே பகுத்தறிவு.

கடைசியாக, காரியத்தில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பால் சங்கமோ, பூ வண்டியோ, பெண்கள் குழுவோ, கூட்டுச் சாகுபடியோ எதை ஆரம்பித்தாலும் முதல் நாளே ஒரு நோட்டில் மூன்று பக்கம் எழுதுங்கள். ஒவ்வொருவரும் தனியாக இருந்தால் எவ்வளவு என்பது முதல் பக்கம். இருவர் இருவராக, சிறு சிறு கூட்டாகச் சேர்ந்தால் எவ்வளவு என்பது இரண்டாம் பக்கம். எல்லோரும் சேர்ந்தால் எவ்வளவு, அதை எப்படிப் பிரிப்பது என்பது மூன்றாம் பக்கம். நஷ்டம் வந்தால் யார் பேரில் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பாடுபடுகிற பெண்கள் பெயரில் புருஷன் கையெழுத்து வேண்டாம், அவர்களே போடட்டும். நோட்டைப் பெட்டியில் பூட்டாமல் யார் கேட்டாலும் காட்டுங்கள். லாபம் வந்தபிறகு பங்கு பேசினால் அது சண்டை; வருவதற்கு முன் பேசினால் அது ஒப்பந்தம்.

ஒற்றுமையாக இருங்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்ய நாம் வரவில்லை. பங்கு என்ன என்று கேளுங்கள், கேட்கும்போது தனியாகக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தோம். நாம் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், வீட்டுக்குப் போய்க் கணக்கைப் போட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகின்றோம்.